அழுத்தமான கண் மேக்கப்: கருப்பு எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி இதுதான்: விசேஷத்துக்குப் போகும்போது கண் மேக்கப் தூரத்திலிருந்தே எடுப்பாகத் தெரிய வேண்டும். ஆனால் வீட்டில் போட்டால் அடிபட்ட கண் மாதிரி கருத்துப் போகிறது, இரண்டு மணி நேரத்தில் இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது, ஐலைனர் வால் (வெளி மூலையைத் தாண்டி நீளும் நுனி) ஒரு கண்ணில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் நிற்கிறது. என்ன தப்பு?

இமையில் பூசும் ஐ ஷேடோவின் விலையோ கம்பெனியோ இதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். கருப்பை வைக்கிற இடமும் வைக்கிற வரிசையும்தான் பெரும்பாலும் தப்பிப் போகிறது. இமை முடியின் வேரில் சுத்தக் கருப்பு இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே ஏற ஏற மங்கிக்கொண்டே போய், புருவத்துக்குக் கீழே வெறும் தோலில் முடிய வேண்டும். இந்த இறக்கம் இருந்தால்தான் கண் பெரிதாகத் தெரியும். இமை முழுக்க ஒரே அடர்த்தியில் கருப்பை அப்பினால் கண் குழிக்குள் போன மாதிரி ஆகிவிடும், போட்டோவில் இன்னும் மோசம்.

தேவையானவை அதிகமில்லை. ஐ ப்ரைமர் (ஷேடோ ஒட்டி நிற்க அடியில் தடவும் கிரீம்), பளபளப்பில்லாத மேட் ஷேடோ மூன்று (உங்கள் தோலைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்தது, கரும்பழுப்பு, கருப்பு), மினுமினுக்கிற ஷேடோ ஒன்று, மெழுகு போல மென்மையான கருப்புப் பென்சில், ஜெல் லைனர், மஸ்காரா, விருப்பமிருந்தால் ஒட்டு இமை (பசையால் ஒட்டும் செயற்கை இமை முடி). நாற்பது நிற பேலட் இருந்தாலும் ஒரு கண்ணில் நாலு நிறத்துக்கு மேல் போனால் எல்லாம் கலந்து சேற்று நிறம்தான் மிஞ்சும். பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முடி தளர்ந்த பெரிய பிரஷ் ஒன்று, பென்சில் முனை போன்ற சின்ன அடர்ந்த பிரஷ் ஒன்று, தட்டையான பிரஷ் ஒன்று. இவை தவிர எந்த நிறமும் தொடாத ஒரு சுத்தமான பிரஷ். ஓரங்களைக் கலைப்பதற்கென்றே, அதாவது கோடு தெரியாமல் மங்க வைப்பதற்கென்றே, அது தனியாக இருக்கட்டும். கருப்பு எடுத்த பிரஷ்ஷாலேயே ஓரத்தையும் தேய்ப்பதால்தான் கருப்பு புருவம் வரை ஏறிவிடுகிறது.

முதலில் புருவத்தை முடித்துவிடுங்கள். ஷேடோ எதுவரை ஏறலாம் என்பதற்கு அதுதான் மேல் எல்லை. அடுத்து கண். ஃபவுண்டேஷன், கண்ணுக்குக் கீழே கருமையை மறைக்கப் போடும் கன்சீலர் எல்லாம் அதற்கப்புறம். அடர் ஷேடோ கட்டாயம் கன்னத்தில் உதிரும். வெறும் தோலில் உதிர்ந்தால் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பில் போய்விடும். ஃபவுண்டேஷன் மேல் உதிர்ந்தால் துடைக்கத் துடைக்க ஈஷிக்கொண்டே போகும், கடைசியில் முகத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட வேண்டிவரும்.

ப்ரைமர் அளவில்தான் பலருக்குச் சறுக்குகிறது. ஒரு அரிசி அளவு இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் போதும். மோதிர விரலால் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணைச் சாதாரணமாகத் திறந்து நாலைந்து முறை சிமிட்டிவிட்டு, கீழே பார்த்தபடி கண்ணாடியில் இமையைக் கவனியுங்கள். மடிப்பில் மெல்லிய கோடு விழுந்திருந்தால் அது மிச்சப் ப்ரைமர். விரலால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் இரண்டு மணி நேரம் கழித்து ஷேடோ திரளப்போவது அதே கோட்டில்தான். ப்ரைமருக்குப் பதிலாகக் கன்சீலர் போடலாம், ஆனால் அதைப் பாதி அளவு போட்டு, மேலே பவுடர் ஒற்றியே ஆக வேண்டும். அதில் எண்ணெய்ப் பசை அதிகம்.

அடுத்து, மடிப்பிலும் அதற்கு மேலும் மட்டும் தோல் நிறப் பவுடரை மெல்ல ஒற்றுங்கள். ஈரப் பரப்பில் ஷேடோ பட்டால் முதலில் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகராது. திட்டுத்திட்டாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கலைக்க வேண்டிய இடம் உலர்ந்திருக்கட்டும். ப்ரைமர் போட்டிருந்தால் அசையும் இமைப் பகுதியில் பவுடர் வேண்டாம், அங்கே நிறம் ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

இப்போது நடுத்தர நிறம். கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியைப் பாருங்கள். மூடிய கண்ணில் அளவு பார்த்துப் போட்டால், திறந்ததும் எல்லாம் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பெரிய பிரஷ்ஷின் நுனியில் நிறம் எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மடிப்புக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே, கார் வைப்பர் போல முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிரஷ்ஷைக் கைப்பிடியின் கடைசியில் பிடிக்க வேண்டும். முடிக்குப் பக்கத்தில் பிடித்தால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் கோடு விழும். நிறம் போதவில்லை என்றால் அழுத்தாதீர்கள், இன்னொரு முறை எடுத்துப் போடுங்கள்.

கருப்புக்கு வருவோம். இதை நேராகப் பவுடராக ஆரம்பிக்காதீர்கள். மென்மையான பென்சிலால் மேல் இமை முடியின் வேரை ஒட்டி, முடிகளுக்கு இடையே தெரியும் தோல் மறையும்படி, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூசுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உடனே சின்ன பிரஷ்ஷால் மேல் ஓரத்தை மட்டும் மேல்நோக்கிக் கலையுங்கள். உடனே என்றால் உடனேதான். நீண்ட நேரம் நிற்கும் பென்சில்கள் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இறுகிவிடும். அதற்கப்புறம் தேய்த்தால் தோல் சிவக்குமே தவிரப் பென்சில் அசையாது. அதனால் ஒரு கண்ணைப் பூசிக் கலைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த கண்ணைத் தொட வேண்டும்.

பென்சில் முடிகிற அந்த மங்கிய ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரத்தில் கருப்பு மெலிந்து சாம்பல் நிறமாகத் தெரியும். அடர்த்தியாக இருக்கும்வரைதான் கருப்பு கருப்பு, தோலின் மேல் மெலிதாகப் படிந்தால் நீலம் கலந்த சாம்பலாகிவிடும். அடிபட்ட தோற்றம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இதற்கு மருந்து கரும்பழுப்பு. செம்மை கலந்த பழுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. சின்ன பிரஷ்ஷில் எடுத்து, சாம்பல் தெரியும் ஓரத்தின் மேலேயே, பாதி கருப்பிலும் பாதி வெறும் இமையிலும் படும்படி ஒற்றி, மடிப்பு வரை கொண்டுபோங்கள். கருப்புப் பவுடர் கடைசியில்தான். அதையும் பென்சில் இருக்கும் பட்டைக்குள் மட்டும் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். பென்சிலை இறுக வைப்பதுதான் அதன் வேலை, புதிதாக இடம் பிடிப்பதல்ல. இறுதியில் அந்தச் சுத்தமான பிரஷ்ஷால் மேல் எல்லையில் நாலைந்து ஓட்டு. அதோடு நிறுத்துங்கள். கலைக்கக் கலைக்க அழகாகும் என்று நினைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் நிறம் எல்லாம் பிரஷ்ஷுக்குப் போய்விடும், இமையில் சொட்டைதான் தெரியும்.

வெளி மூலையின் கோணம் தவறினால் மற்ற எல்லாம் வீண். கீழ் இமையின் வளைவு வெளி மூலையைத் தாண்டியும் நீளுவதாகக் கற்பனை செய்யுங்கள், அது புருவத்தின் வால் நுனியை நோக்கிப் போகும். அந்தக் கோட்டுக்குக் கீழே அடர் நிறம் இறங்கினால் கண் சோர்ந்து தொங்கின மாதிரி இருக்கும். கை உறுதி இல்லாதவர்கள் அந்தக் கோட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம். புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகுதான் முகத்தில் ஒட்ட வேண்டும், கண்ணோரத் தோல் அவ்வளவு மெல்லியது. கத்தி போலக் கூர்மையான ஓரம் வேண்டுமென்றால் டேப் நல்லது. புகை போல மங்க வேண்டுமென்றால் டேப் இல்லாமல், பட்ஸ் நுனியில் துளி கன்சீலர் எடுத்துக் கீழ் ஓரத்தைச் சீராக்கினாலே போதும்.

மினுமினுப்பை இமையின் நடுவில், நேராகப் பார்க்கும்போது கருவிழிக்கு மேலே வரும் இடத்தில் வையுங்கள். பிரஷ்ஷில் வைப்பதைவிட விரல் நுனியால் ஒற்றினால் நன்றாகப் பிடிக்கும். பிரஷ்தான் என்றால், முதலில் ஷேடோவை எடுத்துவிட்டு அப்புறம் பிரஷ்ஷின் மேல் லேசாகத் தண்ணீரோ செட்டிங் ஸ்ப்ரேயோ அடியுங்கள். ஈரப் பிரஷ்ஷை ஷேடோவில் முக்கினால் அதன் மேல் கெட்டி ஏடு படிந்து, அடுத்த தடவை நிறமே வராது. தூள் கிளிட்டருக்கு அதற்கென்றே உள்ள பசை வேண்டும், கண்ணுக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கவும் வேண்டும். கைவினைப் பொருளுக்கான கிளிட்டரைக் கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அதன் கூரான ஓரம் விழியின் மேற்பரப்பைக் கீறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் தூள் கிளிட்டரை விட்டுவிட்டுக் கிரீம் ஷிம்மரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பளிச்சென்ற சிவப்பு, இளஞ்சிவப்பு, நியான் நிறங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் நிறமிகளைக் கண் பகுதிக்குத் தனியாக அனுமதிக்க வேண்டும். உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்பு நிறமிகளுக்குக் கண் பகுதிக்கு அனுமதி இல்லை. பேலட்டில் 'ஐ ஷேடோ' என்று போடாமல் 'பிரஸ்டு பிக்மென்ட்' (அழுத்திய நிறமி) என்று போட்டிருந்தால் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதேபோல, பொருள் பட்டியலே இல்லாத கண் மையில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதை இமையின் உள் விளிம்பில் தீட்டவே வேண்டாம்.

ஐலைனர். கண்ணாடியைத் தாடைக்குக் கீழே மேஜையில் வையுங்கள். கீழே பார்க்கும்போது இமை தானாகச் சமமாகும், கண்ணை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை. இழுத்துப் பிடித்து வரைந்த கோடு விட்டதும் சுருங்கி நெளியும். முழங்கை மேஜையில், சுண்டுவிரல் கன்னத்தில் ஊன்றியிருக்கட்டும். ஒரே இழுப்பில் வரையாமல் சின்னச் சின்னக் கோடுகளாகச் சேருங்கள். இரண்டு வாலும் ஒன்றாக வரவேண்டுமானால், கோட்டைத் தொடங்குவதற்கு முன்பே வால் இரண்டையும் போட்டுவிட வேண்டும். தலையை நேராக வைத்து, கண்ணைத் திறந்து, முகத்தில் எந்த பாவமும் இல்லாமல் இரண்டு வெளி மூலையிலும் வால் முடியும் இடத்தில் ஒரு புள்ளி. ஒரு பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து இரண்டு புள்ளியும் ஒரே உயரமா என்று பார்த்துவிட்டு அப்புறம் இணைக்கலாம். ஒன்று உயர்ந்துவிட்டால் மற்றதைத் தடிமனாக்கிச் சமன் செய்யப் போகாதீர்கள். அப்படித்தான் மெல்லிய கோடு பட்டையாக மாறும். உயர்ந்ததை கன்சீலர் தொட்ட பட்ஸால் குறையுங்கள்.

கீழ் இமையைச் சும்மா விட்டால் மேலே போட்டதெல்லாம் முகமூடி மாதிரி தனியாக நிற்கும். கரும்பழுப்பை எடுத்து, வெளி மூலையிலிருந்து உள்ளே மூன்றில் இரண்டு பங்கு தூரம், இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகாமல் ஓட்டி, மேலே உள்ள அடர் மூலையோடு சேர்த்துவிடுங்கள். உள் விளிம்பில் கருப்பு வேண்டுமா என்பது கண்ணைப் பொறுத்தது. பெரிய கண்ணுக்கு அது அபாரம். சிறிய கண்ணில் உள் விளிம்பில் மட்டும் கருப்பு தீட்டினால் கண் இன்னும் சுருங்கும். தீட்டுவதானால் வெளியேயும் பழுப்பைச் சற்று அகலமாக்குங்கள், இல்லாவிட்டால் தோல் நிறப் பென்சிலே போதும். உள் விளிம்பு எப்போதும் ஈரம், இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் திறப்பதும் அந்த விளிம்பில்தான். அதனால்தான் அங்கே தீட்டியது சீக்கிரம் கரைந்து கண்ணுக்குக் கீழே இறங்குகிறது. பட்ஸால் மெதுவாக ஒற்றி உலர்த்திவிட்டு வாட்டர்புரூஃப் ஜெல் பென்சிலால் தீட்டினால் கூடுதலாகச் சில மணி நேரம் நிற்கும். தீட்டுவதற்கு முன் பென்சிலைச் சீவுங்கள், பழைய முனையில் கிருமி சேர்ந்திருக்கும்.

ஒட்டு இமை ஒட்டுவதைச் சாகசம் போலப் பேசுகிறார்கள். அளவெடுக்காமல் ஒட்டுவதுதான் அதைச் சாகசமாக்குகிறது. முதலில் உங்கள் இமை முடியை கர்லரால் வளையுங்கள், அதற்கப்புறம் மஸ்காரா ஒரு கோட். மஸ்காரா போட்ட முடியை கர்லரில் நெரித்தால் ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வரும். ஒட்டு இமையைப் பசையில்லாமல் இமையின் மேல் வைத்துப் பாருங்கள். உள் மூலையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஆரம்பித்து, உங்கள் கடைசி முடியோடு முடிய வேண்டும். மிச்சத்தை வெளிப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். உள் பக்கம் வெட்டினால் குட்டையிலிருந்து நீளமாகப் போகிற அமைப்பு கெட்டுவிடும், கண்ணைக் குத்தவும் செய்யும். பட்டையை விரலில் சுற்றி வளைத்து அதன் விறைப்பை எடுங்கள். பசையை மெல்லிய கோடாகப் போட்டு, இரண்டு முனைக்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்து, முப்பது முதல் நாற்பது நொடி காத்திருங்கள். பசை ஈரமாக வழுக்கக் கூடாது, தொட்டால் இழுக்க வேண்டும். கீழே பார்த்தபடி முதலில் நடுப்பகுதி, பிறகு வெளி முனை, கடைசியில் உள் முனை. உள் முனை எழும்பிக்கொண்டே இருந்தால் பட்டை நீளமாக இருக்கிறது, அல்லது பசை உலர்வதற்குள் ஒட்டிவிட்டீர்கள். புதிதாகப் பழகுபவர்கள் பட்டையை மூன்று துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டலாம். ஒரு துண்டு கழன்றாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

மடிப்பு மறைந்த, தோல் மேலே வந்து விழும் கண்களில் மினுமினுப்பைத் தொங்கும் மடலில் போடாதீர்கள், அதை இன்னும் முன்னால் தள்ளிக்காட்டும். அங்கே மேட் அடர் நிறம்தான் சரி. வால் வரையும்போது மடலின் மேல் கோடு உடைந்துதான் போகும். திறந்த கண்ணில் நேராகத் தெரிந்தால் போதும், மூடும்போது எப்படி இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். இமையில் சுருக்கம் உள்ளவர்களுக்குப் பெரிய துகள் கிளிட்டர் ஒவ்வாது, சாட்டின் பளபளப்பு அழகு. அடர்ந்த தோல் நிறத்தில் வெளிர் நிறங்கள் சுண்ணாம்பு பூசின மாதிரி தெரியும். வெளிர் நிறம்தான் வேண்டுமென்றால் அடியில் வெள்ளைப் பென்சில் ஒரு பூச்சு வேண்டும். தாமிரம், ஊதா கலந்த சிவப்பு, அடர் பச்சை, மயில் நீலம் எல்லாம் அந்த வேலையில்லாமலே ஜொலிக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒருவரை ஒரு மீட்டர் தூரத்தில் நிற்க வைத்து ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சிலிக்கா நிறைந்த வெள்ளைப் பவுடரைக் கண்ணுக்குக் கீழே தாராளமாகப் போட்டிருந்தால், நேரில் தெரியாத வெள்ளைத் திட்டு ஃபிளாஷில் அப்படியே தெரியும். அங்கே பெரிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தோல் நிறமுள்ள பவுடரை மெல்லப் போடுங்கள்.

விழாவின் நடுவில் மடிப்பில் கோடு விழுந்தால் மேலே இன்னும் ஷேடோ போடக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்து குழைந்துவிடும். விரலால் தட்டிச் சமப்படுத்தி, டிஷ்யூவின் ஒரு அடுக்கை ஒற்றி எண்ணெயை எடுங்கள், அதுவே போதும். கண் கலங்கினால் துடைக்காமல், டிஷ்யூவைக் கூராக மடித்து உள் மூலையில் வைத்து நீரை உறிஞ்ச விடுங்கள். பையில் நாலு பட்ஸ், துளி கன்சீலர், ஒட்டு இமைப் பசை இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது.

முதல் முறையாக விழா நாள் காலையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பே ஒத்திகை வேண்டும். கைப்பழக்கத்துக்கு மட்டுமல்ல, இமைப் பசைக்கும் புது ஷேடோவுக்கும் ஒவ்வாமை இருந்தால் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பல இமைப் பசைகளில் லேடெக்ஸ் இருக்கும். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள் அது இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கண்ணில் போடலாம். ஒத்திகை நாளில் முதல் தடவை ஒரு மணி நேரமாவது ஆகும். முடித்ததும் துடைத்துவிடாமல் நாலு மணி நேரம் வைத்துப் பாருங்கள், எங்கே முதலில் கரைகிறது என்று தெரிந்துவிடும்.

மேக்கப்பைத் துடைத்து எடுப்பதிலும் அவசரம் கூடாது. லென்ஸை மேக்கப்புக்கு முன்னால் போட்டு, மேக்கப்பைத் துடைப்பதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து மூடிய கண்ணில் முப்பது நொடி வைத்திருந்தால் பசையும் வாட்டர்புரூஃப் மஸ்காராவும் தானாக இளகும். பிறகு கீழ்நோக்கி ஒரே துடைப்பு. ஒட்டு இமையை வெளி முனையிலிருந்து பிடித்து எடுங்கள், இழுக்க வேண்டியிருந்தால் பசை இன்னும் இளகவில்லை, மறுபடி பஞ்சை வையுங்கள். உள் விளிம்பில் தங்கிய கருப்பை ரிமூவர் தொட்ட பட்ஸால் எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். இரவு முழுக்க அங்கேயே இருந்தால் சுரப்பிகளின் வாய் அடைபடும், காலையில் கண் உறுத்தும். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். காய்ந்துவிட்டது என்று தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். கண் நோய் வந்திருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அந்தச் சமயத்தில் கண்ணில் பட்ட மஸ்காரா, ஐலைனர் எல்லாம் அன்றைக்கே குப்பைக்கு.